நாற்பது நல்ல டயோடுகள்

நிவேதா,

நீயும் அப்பாவும் பெட்டிக்குப் பூட்டு வாங்க ஸ்ரீபெரும்புதூர் போயிருக்கிறீர்கள். திரும்பி வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். ரோட்டில் லாரி ஏதாவது குறுக்கே நின்றால் மூன்று. அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். ஒரு வாரமாக முயற்சி செய்துவிட்டேன். நீ துணி மடிக்கும்போது எதிரில் வந்து நிற்கிறேன், வாயைத் திறக்கிறேன், "புளிக்காய்ச்சல் எடுத்து வச்சிட்டியாடி?" என்றுதான் வருகிறது. ஐந்து தடவை கேட்டுவிட்டேனாம். நேற்று நீ சிரித்துக்கொண்டே, "அம்மா, அந்தப் புளிக்காய்ச்சலுக்குத் தனியா ஒரு டிக்கெட் போட்டுடும்மா" என்றாய். நானும் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் தைரியம் வராது. எனக்கு உன்மேல் பொறாமை. பெற்றவளுக்குப் பிள்ளைமேல் பொறாமையா, அப்படியும் உண்டா என்று கேட்காதே. உண்டு. பக்கத்து வீட்டுக்காரி புது ஃபிரிட்ஜ் வாங்கினால் வருகிற பொறாமை இல்லை இது. அது இரண்டு நாளில் தானாகப் போய்விடும். இது, நான் வேலை பார்க்கிற கம்பெனிக்குள்ளேயே நீ இன்ஜினியராக நடந்து வந்தாயே, அன்றைக்கு வந்தது. இன்னும் போகவில்லை. தைவான் வேலைக்கு உனக்கு விசா வந்த அன்று, சர்க்கரை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன் அல்லவா? கடைக்குப் போகவில்லை. மண்ணூர் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து வயிறு எரிந்துகொண்டிருந்தேன். சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் எரிச்சல்தான் அதிகம். அரை மணி நேரம் கழித்துச் சர்க்கரை வாங்கிக்கொண்டு வந்து உனக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

வெறும் பொறாமை என்றால் அதை நானே விழுங்கிக்கொண்டு இருந்திருப்பேன், உனக்கு எதற்கு எழுதப் போகிறேன்? அந்தப் பொறாமையில் உனக்கு ஒரு கெடுதல் செய்துவிட்டேன். இரண்டு வருஷமாக அது உனக்குத் தெரியாது. நாளைக்கு நீ விமானம் ஏறுவதற்குள் தெரிய வேண்டும். தெரிந்தால் என் முகத்தைப் பார்க்காமலே நீ போய்விடலாம். அந்தப் பயத்தில்தான் இந்த ஒரு வாரமும் ஓடியது.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஐடிஐ சர்டிபிகேட்டும் ஒரு துணிப்பையுமாக வந்தவள் நான் என்பது உனக்குத் தெரிந்த கதை. ஹாஸ்டல் அறையில் எட்டுப் பேர். கம்பெனி பஸ் ஓட்டிய மண்ணூர்க்காரரைக் கட்டிக்கொண்டதும் தெரிந்த கதைதான். உனக்குத் தெரியாத கதை ஒன்று உண்டு. நீ பத்தாம் வகுப்பு படித்தபோது, கம்பெனியே ஆபரேட்டர்களில் சிலரை எடுத்து டிப்ளமோ படிக்க வைப்பதாகச் சொன்னது. "பொண்ணு பத்தாவது படிக்கிறா, இந்த நேரத்துல நான் புஸ்தகத்தத் தூக்கிட்டு அலைஞ்சா நல்லாவா இருக்கும், அதான் வேண்டாம்னுட்டேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தேன். உன் அத்தைகள் இன்றைக்கும் என் தியாகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். தியாகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அதற்கு ஒரு தேர்வு வைத்தார்கள், கணக்கில் நான் ஃபெயில். அந்தத் தோல்வியை உன் தலையில் கட்டிவிட்டேன். நீயும் அதை நம்பி, "எனக்காக விட்ட அம்மா" என்று காலேஜ் மேடையில் என்னைப் பற்றிப் பேசினாய். நான் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நல்ல நடிகைதான் உன் அம்மா.

ஆனால் என் பெஞ்சில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பழுதான சர்க்யூட் போர்டை வைத்து எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கிற பெஞ்ச். அதில், வோல்டேஜின் ஆட்டத்தைத் திரையில் அலையாகக் காட்டுகிற ஒரு ஸ்கோப். நீ பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து நீ வேலைக்கு வந்த நாள் வரைக்கும் பதினேழு வருஷம் அதன் முன்னால் முதுகு சாயாத ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். லைனில் என் பெயரே ஸ்கோப் அக்கா. எத்தனையோ இன்ஜினியர்கள் வந்தார்கள். "சார், இந்தக் கெபாசிட்டர் ஒழுகுதுன்னு நினைக்கேன், நீங்களே பாருங்க" என்பேன். பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள். மறுநாள் ரிப்போர்ட்டில் அவர்கள் பெயர் இருக்கும். ஒருத்தருக்கு அதற்காகக் கேடயம்கூடக் கொடுத்தார்கள், நான்தான் முதல் வரிசையில் நின்று கைதட்டினேன். அப்போதெல்லாம் எனக்குப் பொறாமை வரவில்லை, நிஜமாக. அவர்கள் வேறு ஜாதி மனிதர்கள், படித்தவர்கள், அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். என் வயிற்றில் பிறந்தவள் அந்தப் பக்கம் போய் நின்றபோதுதான், அந்தப் பக்கம் போக முடியும் என்பதே எனக்கு உறைத்தது.

நீ வேலையில் சேர்ந்த அன்று உன் அப்பா செய்த கூத்து நினைவிருக்கிறதா? ஒரகடம் ரூட் பஸ், நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நானும் மூன்றாவது வரிசையில் இருக்கிறேன். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே திரும்பி, "இன்னா தெரியுமா சேதி, எம்பொண்ணு நம்ம கம்பெனிலயே இன்ஜினியரா சேந்துகீது!" என்று கத்தினார். பஸ்ஸே கைதட்டியது. இத்தனை வருஷம் அதே பஸ்ஸில் நான் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு நாளாவது "எம்பொண்டாட்டி ஸ்கோப் பாக்கறவ" என்று அந்த மனுஷர் வாயிலிருந்து வந்ததில்லை. பக்கத்து சீட் மல்லிகா, "அக்கா, உங்க முகத்துல சந்தோஷத்தையே காணோமே" என்றாள். தலைவலி என்றேன். அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். உனக்கு வெள்ளைக் கோட்டு, எனக்கு நீலம். உனக்கு முதுகு சாய்கிற நாற்காலி. கேன்டீனில் உனக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இடம். சூப்பர்வைசர் உன்னிடம் பேசும்போது பாக்கெட்டிலிருந்து கையை வெளியே எடுக்கிறான். நானும் எவ்வளவோ நாள் அவன் எதிரில் நின்றிருக்கிறேன், அந்தக் கை வெளியே வந்ததே இல்லை.

இனி அந்த போர்டு விஷயம். உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேனே என்று நினைக்காதே. இது எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது அல்லவா, அதனால்தான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

புது மாடல், முதன்முதலாகப் போட்ட நாற்பது போர்டு. ஒப்பிட்டுப் பார்க்க நல்லது என்று முத்திரை குத்திய போர்டு ஒன்றுகூடக் கிடையாது. அதில் ஒரு கிளாம்பர் சர்க்யூட் இருந்தது. ஒரு கெபாசிட்டர், ஒரு டயோடு, ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். உள்ளே வருகிற அலை பூஜ்யத்துக்கு மேலே பாதி, கீழே பாதியாக ஆடும். கிளாம்பர் அதன் உருவத்தைத் தொடாது. அப்படியே மொத்தமாகத் தூக்கி, அடிப்பாகம் பூஜ்யத்தில் உட்காருகிற மாதிரி வைத்துவிடும். கேஸ் அடுப்பை அப்படியே தூக்கி மேடைமேல் வைப்பதைப் போல. அலை உயர்ந்ததா இல்லையா என்று பார்ப்பதுதான் சோதனை. அதைப் பார்க்க ஸ்கோப்பில் கப்ளிங் என்கிற பட்டன் டிசியில் இருக்க வேண்டும். டிசியில் வைத்தால் அலை எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் காட்டும். ஏசியில் வைத்தால், அசையாமல் நிற்கிற வோல்டேஜை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஆட்டத்தை மட்டும் எடுத்து நடுக்கோட்டில் வைத்துக் காட்டும். அப்போது கிளாம்பர் எவ்வளவு தூக்கினாலும் திரையில் ஒன்றும் தெரியாது. உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒரே மாதிரி இருக்கும். நல்ல போர்டு செத்த போர்டு மாதிரித் தெரியும்.

என் ஸ்கோப் எப்போதும் ஏசியில்தான் இருக்கும். பதினேழு வருஷமாக நான் பார்த்தது பவர் சப்ளை போர்டு. பன்னிரண்டு வோல்ட்டின் தலையில் துளி நடுக்கம் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அதற்கு ஏசிதான் வேண்டும். டிசியில் வைத்தால் அந்த நடுக்கம் கண்ணுக்கே படாது. ஆக ஷிஃப்ட் முடிந்து போகும்போதும் அப்படியே விட்டுவிட்டுப் போவேன், காலையில் வந்து அப்படியே தொடங்குவேன். என் பெஞ்சில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை, அதனால் அது யாருக்கும் தொந்தரவாக இருந்ததும் இல்லை.

அன்றைக்கு உன் லேப் ஸ்கோப்பைச் சரிபார்க்க வெளியே அனுப்பியிருந்தார்கள். போர்டு வாங்குகிற கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு நீ என் பெஞ்சுக்கு வந்தாய். நான் எழுந்து நின்றேன். "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்" என்றாய். அக்கா என்றது பரவாயில்லை, ஃப்ளோரில் வயதில் மூத்த எல்லோரும் அக்காதான், அந்த ஏற்பாட்டை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம். வந்தவர்களில் கண்ணாடி போட்டவர் ஒருவர், "இவங்களும் டெஸ்ட் டீமா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இல்ல சார், ஆபரேட்டர்" என்றாய். பொய் இல்லை. என் அடையாள அட்டையிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல் எனக்கு உச்சந்தலையில் ஏறியது. நீ அவசரத்தில் இருந்தாய், பயத்தில் இருந்தாய், அது உன் முதல் பெரிய நாள் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

புரோபின் முனையைப் போர்டில் வைத்தாய். உள்ளே வருகிற அலை, நடுக்கோட்டில். வெளியே போகிற அலை, அதுவும் நடுக்கோட்டில். இரண்டடி தள்ளி நின்ற எனக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. திரையின் இடது கீழ் மூலையில், சேனல் எண்ணுக்குப் பக்கத்தில், ஏசி என்பதற்கு ஒரு சின்ன நெளிகோடு போட்டிருக்கும். அது இருந்தது. அது மட்டுமில்லை. அது மெதுவான சதுர அலை. தட்டையாக இருக்க வேண்டிய அதன் தலை துளி சரிந்திருந்தது. ஏசியில் பார்த்தால்தான் அப்படிச் சரியும். அந்தச் சரிவு உன் கண்ணுக்குப் படவில்லை, என் கண்ணுக்குப் பட்டது. "நிவேதா, ஏசியில இருக்கு பாரு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீ அவர்கள் பக்கம் திரும்பி, "டயோடு வேலை செய்யல, இந்த லாட் ஹோல்டு" என்று நாற்பதையும் நிறுத்திவைத்தாய். என்ன நிமிர்வு உன் குரலில்! அந்த நிமிர்வைக் கேட்டுக்கொண்டே நான், சொல்லுடி, நல்லாச் சொல்லு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால் ஒரு நிமிஷ ஆத்திரம் என்று மன்னிப்புக் கேட்டுவிடலாம். அதோடு முடியவில்லை. நாற்பது போர்டிலும் டயோடை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. யாரிடம் வந்தது? என்னிடம்தான். சூடான காற்றை ஊதி, ஈயத்தை இளக்கி, ஒவ்வொரு டயோடாக எடுத்தேன். ஒவ்வொன்றும் நல்ல டயோடு. நல்லது என்று தெரிந்தே எடுத்தேன். புதிதாக வைத்தேன், ஸ்கோப்பில் காட்டினேன், அதே ஏசியில். நீ பார்த்தாய், உதட்டைக் கடித்தாய். "இன்னும் அப்படியேதான் இருக்கு, அக்கா, புது டயோடு லாட்டே சரியில்லையோ?" என்று என்னிடமே கேட்டாய். "எனக்கென்னங்க தெரியும், நீங்க சொல்றதச் செய்றேன்" என்றேன். ஒரு மல்டிமீட்டரை எடுத்து வைத்திருந்தாலே, வோல்டேஜ் உயர்ந்திருப்பது தெரிந்துபோயிருக்கும். மல்டிமீட்டர் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. மூன்று போர்டில் சூடு தாங்காமல் செம்புத் தடமே உரிந்து வந்துவிட்டது, அவை குப்பைக்குப் போயின. முதல் நாள் எனக்கு ஆத்திரம். இரண்டாம் நாள் ஆத்திரம் இல்லை நிவேதா, ருசி. பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு இன்ஜினியருக்குத் தெரியாத விடை என் கையில் இருந்தது. அதை யாரும் என்னிடமிருந்து எடுத்துத் தன் பெயரில் எழுதிக்கொள்ள முடியாது. அதை அனுபவித்தேன். நீ மத்தியானம் சாப்பிடாமல் அலைந்தாய், அதையும் பார்த்தேன்.

மூன்றாம் நாள் உன் லேப் ஸ்கோப் திரும்பி வந்தது. உன்னோடு சேர்ந்த அருண், அதில் ஒரு போர்டை வைத்துப் பார்த்தான். அலை ஜம்மென்று மேலே உட்கார்ந்திருந்தது. ஓடி வந்து என் ஸ்கோப்பில் ஒரே ஒரு பட்டனை அழுத்தினான், அங்கேயும் மேலே ஏறியது. "அடப்பாவமே, ஏசில வச்சா இவ்ளோ நாள் பாத்துக்கினு இருந்தீங்க?" என்று அவன் சிரித்த சிரிப்பு லைன் முழுக்கக் கேட்டது. உன் வேலையை நிரந்தரம் செய்வதை ஆறு மாதம் தள்ளிப்போட்டார்கள். அந்த மாடலுக்காகப் புனேவுக்கு உன்னை அனுப்புவதாக இருந்தது, அருணை அனுப்பினார்கள். ஒரு மாதம் உன் பெயர் ஃப்ளோரில் ஏசி மேடம். முதலில் அந்தப் பெயரைச் சொன்னவள் என் லைன் பெண் ஒருத்தி. நான் அதட்டவில்லை. சிரிக்கவும் இல்லை, ஆனால் அதட்டவில்லை.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கண் வீங்கிப்போய் அடுப்படிக்கு வந்தாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நீ அழப்போகிறாய் என்று நினைத்தேன். நீ ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாய். "அம்மா, ஸ்கோப்ல கப்ளிங்னு ஒண்ணு இருக்கு, உனக்குச் சொல்லித் தரேன். எனக்கு நடந்த மாதிரி உனக்கும் நடந்துடக் கூடாதும்மா" என்றாய். ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தாய். கெபாசிட்டர் வரைந்தாய், அலை வரைந்தாய், டிசியில் வைத்தால் இப்படி, ஏசியில் வைத்தால் இப்படி என்று அம்புக்குறி போட்டாய். எங்கே எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாய். "புரியுதாம்மா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாய். நான் வெங்காயத்தை உரித்துக்கொண்டே, "ஓ, அப்படியா? ஓஹோ" என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு இடத்தில் தெரியாததுபோலக் கேள்விகூடக் கேட்டேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். உனக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நீ அந்தப் படத்தைக் கிழித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனாய். நான் மறுநாளே எண்ணெய்க் கை பட்டுவிட்டது என்று எடுத்துப் போட்டுவிட்டேன்.

போன வாரம் உனக்குக் கம்பெனியில் வழியனுப்பு விழா நடந்ததே, எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது குவாலிட்டி சதாசிவம் சார் என்னைத் தனியே கூப்பிட்டார். "அம்மா, இப்பதான் சொல்ல முடியும், அவ போறாளேன்னு சொல்றேன். அன்னிக்கு ரிப்போர்ட்டுல 'பெஞ்ச் ஆபரேட்டர் ஏசியில் விட்டுச் சென்றார்'னுதான் முதல்ல எழுதினோம். உங்களுக்கு மெமோ போயிருக்கும். உங்க பொண்ணு ஒத்துக்கவே இல்ல. 'அவங்க வேலைக்கு ஏசிதான் சார் சரி, மாத்திப் பாக்க வேண்டியது நான்தான், எம்பேர மட்டும் எழுதுங்க'ன்னு சொல்லிட்டா. மெமோ அவளுக்குப் போச்சு" என்றார். கையில் கேக் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். நான் உன்னை மாட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நீ எனக்குத் தெரியாமலே என்னைக் காப்பாற்றியிருக்கிறாய். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வேண்டுமென்றே செய்தேன் என்று தெரிந்திருந்தாலும் இப்படிச் செய்திருப்பாயா? இந்த ஒரு வாரமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொன்னால் நம்பமாட்டாய், உன் நல்ல மனதைப் பார்த்து அதற்கும் பொறாமைப்பட்டேன். எனக்கு ஏன் அது வரவில்லை என்று.

திங்கட்கிழமை நேராகச் சதாசிவம் சாரிடம் போனேன். "சார், அந்த ரிப்போர்ட்ட மாத்துங்க. எனக்கு அப்பவே தெரியும், தெரிஞ்சே சொல்லாம இருந்தேன், எழுதித் தாரேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா, பொண்ணு ஊருக்குப் போற துக்கத்துல பேசறீங்களா? அது மூடின ரிப்போர்ட், ரெண்டு வருஷம் ஆச்சு, திறக்க முடியாது. போய் வேலையப் பாருங்க" என்றார். அவருக்கு என்மேல் பரிதாபம். நான் உனக்காகப் பழியை ஏற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். மறுபடியும் தியாகி ஆகிவிட்டேன், பார்த்தாயா? உன் அப்பாவிடம் சொன்னேன். அவர், "இன்னாத்துக்கு இப்ப அதக் கிளர்ற? கொழந்த சந்தோஷமா கெளம்பிக்கினு கீது. அதும் பாட்டுக்குப் போவட்டும், வுடு" என்றார். எல்லோரும் விடச் சொல்கிறார்கள். எனக்குத்தான் விட முடியவில்லை.

இவ்வளவு எழுதிய பிறகு புத்திமதி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் அம்மா ஆயிற்றே, சொல்லாமல் விடமாட்டேன். போகிற இடத்தில் வேறொருத்தர் பெஞ்சில் உட்கார நேர்ந்தால், புரோபைத் தொடுவதற்கு முன்னால், இதற்கு முன் இதில் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேள். ஸ்கோப்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அங்கேயும் இரண்டடி தள்ளி ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள், உனக்குப் படாதது அவள் கண்ணுக்குப் பட்டிருக்கும். அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள், நாலு பேர் முன்னால் அந்தப் பெயரைச் சொல். நல்லவளாக இருந்தால் சந்தோஷப்படுவாள். என்னைப் போன்றவளாக இருந்தாலும் வாயைத் திறந்துவிடுவாள். உன்னைப் பார்த்து வயிறெரிகிறவர்கள் எல்லோரும் எதிரிகள் இல்லை நிவேதா. உனக்கு மூன்று வேளை சமைத்துப் போட்டு, உன் கோட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்துக்கொண்டே ஒருத்தி எரிந்திருக்கிறாள். அந்தக் கோட்டில் ஒரு சுருக்கம் இருக்க விட்டதில்லை, அதுவும் உண்மைதான்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் இந்தக் கடிதம் அழகாக இருக்கும். போகவில்லை. அங்கே உனக்குக் கொடுக்கப்போகிற ஸ்கோப்பின் படத்தைப் போனில் காட்டினாய், நாலு சேனல், இவ்வளவு பெரிய திரை. "சூப்பர் இல்லம்மா?" என்றாய். அதைத் தொட்டுப் பார்க்க என் விரல் துடித்தது. ஆனால் இனிமேல் எரிந்தால் எரிகிறது என்று உன்னிடமே சொல்லிவிடுவேன். போன் செய்து, இன்றைக்கு உன்மேல் பொறாமையாக இருக்கிறதடி என்று சொல்வேன். நீ திட்டிக்கொள்.

நாளைக்குக் காலை பத்து மணிக்கு அப்பா வண்டி கொண்டுவருகிறார். இதை மடித்து உன் பாஸ்போர்ட் உறைக்குள் வைக்கிறேன், காலையில் அதை எப்படியும் திறந்து பார்ப்பாய். பச்சைப் புடவையை எடுத்து வைத்திருக்கிறேன். கட்டிக்கொண்டு உள் அறையில் உட்கார்ந்திருப்பேன், நானாக வந்து வண்டியில் ஏறமாட்டேன். அப்பா கூப்பிட்டாலும் வரமாட்டேன். படித்து முடித்த பிறகு நான் ஏர்போர்ட் வரைக்கும் கூட வரவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் வாசலிலிருந்து ஒரு குரல் கொடு. தோன்றவில்லை என்றால் பேசாமல் கிளம்பிவிடு, வண்டிச் சத்தத்தை வைத்து நான் தெரிந்துகொள்வேன்.

அம்மா